நெஃபடாஃபல்: வைக்கிங் முற்றுகை ஆட்டத்தை வீட்டில் ஆட முழுமையான வழிகாட்டி

நெஃபடாஃபல், பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் ஆடிய பலகை ஆட்டம்; இருவர் ஆடுவது. பகடை இல்லை, சீட்டு இல்லை, அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. பலகையின் நடுவில் ராஜாவும் அவரைச் சுற்றி 12 காவலர்களும் (வெள்ளை), நான்கு பக்க விளிம்பிலும் 24 முற்றுகைக் காய்களும் (கருப்பு) இருக்கும். ராஜா ஏதாவது ஒரு மூலையை அடைந்துவிட்டால் வெள்ளைக்கு வெற்றி. அதற்குள் ராஜாவைப் பிடித்துவிட்டால் கருப்புக்கு வெற்றி.

விதிகளை விளக்கக் கால் மணி நேரம் போதும். ஆனாலும் புதிதாக உட்காருகிறவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் தோற்கிறார்கள். கருப்பு முதல் நகர்விலிருந்தே ராஜாவைத் துரத்துகிறது. மூலைகள் நான்கும் காலியாகக் கிடக்கின்றன. வெள்ளையோ கிடைத்த காயையெல்லாம் வெட்டி மகிழ்கிறது; ராஜா அரியணையை விட்டு நகரவே இல்லை. எதை எப்போது செய்வது என்ற வரிசை பிடிபட்டால் இந்த இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடும்.

1. எந்த விதிகள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வைக்கிங்குகள் எழுதிவைத்த விதிப் புத்தகம் எதுவும் நம்மிடம் இல்லை. 1732இல் ஸ்காண்டிநேவியாவின் வடகோடியான லாப்லாந்துக்குப் போன ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ், அங்கே சாமி என்ற பழங்குடி மக்கள் 9-க்கு 9 பலகையில் ஆடிய டாப்லுட் என்ற ஆட்டத்தைக் குறித்துவைத்தார். இன்று நாம் ஆடுவதில் பெரும்பகுதி அது போன்ற குறிப்புகளிலிருந்து மீட்டெடுத்ததுதான். அதனால் ஒரு பெட்டியில் ராஜா விளிம்பைத் தொட்டாலே வெற்றி என்றும், இன்னொன்றில் மூலைக்குத்தான் போக வேண்டும் என்றும் இருக்கும்.

இரண்டு பேரும் வெவ்வேறு விதிகளை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி ஆட்டத்தில் சண்டை நிச்சயம். இந்த வழிகாட்டி 11-க்கு 11 பலகையில் ஆடும் கோபன்ஹேகன் விதிகளைப் பின்பற்றுகிறது. இருப்பதில் நன்றாகச் சமன் செய்யப்பட்ட விதிகள் இவை என்பது என் கருத்து. இதோடு வேறு விதிகளைக் கலக்க வேண்டாம்.

2. பலகையும் காய்களும்

ஏ3 தாள் ஒன்று போதும். கட்டத்துக்கு 2.5 செ.மீ. வைத்தால் பலகை 27.5 செ.மீ. சதுரமாக வரும், ஓரத்தில் எண் எழுதவும் கொஞ்சம் இடம் இருக்கும். கீழ் ஓரத்தில் இடமிருந்து வலமாக 1 முதல் 11 வரையும், இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக 1 முதல் 11 வரையும் எழுதுங்கள். இனி 2-6 என்று சொன்னால், இடமிருந்து 2ஆவது, கீழிருந்து 6ஆவது கட்டம்.

நடுக் கட்டமான 6-6தான் அரியணை. அதையும் நான்கு மூலைகளையும் கண்ணில் படும்படி வேறு நிறத்தில் அடித்துவிடுங்கள். இந்த ஐந்து கட்டங்களிலும் ராஜாவைத் தவிர வேறு காய் நிற்கக் கூடாது. நிறம் இல்லையென்றால் யாராவது ஒருவர் மறந்துபோய் மூலையில் காயை வைத்துவிடுவார். நான்கு நகர்வு கழித்துத்தான் அது தெரியவரும்.

காய்களுக்கு இரண்டு நிறப் பொத்தான்கள் எடுத்துக்கொள்ளலாம். கட்டத்தைவிட அவை கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும். விளிம்பில் ஐந்து காய்கள் அடுத்தடுத்து நிற்கும்போது விரலுக்கு இடம் வேண்டும். ராஜா மட்டும் உயரமாக இருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது ராஜா எங்கே என்று தேடும் நிலை வந்தால் ஆட்டமே கெட்டுப்போகும்.

3. காய்களை அடுக்குதல்

ராஜாவை 6-6இல் வையுங்கள். அங்கிருந்து நான்கு திசையிலும் இரண்டிரண்டு காவலர்: 6-4, 6-5, 6-7, 6-8, 4-6, 5-6, 7-6, 8-6. அப்புறம் ராஜாவின் மூலைவிட்டத்தில் ஒவ்வொன்று: 5-5, 5-7, 7-5, 7-7. வைரக்கல் வடிவில் 12 காவலர்கள் வந்திருப்பார்கள்.

கருப்புக்கு ஒவ்வொரு விளிம்பிலும் நடுவில் ஐந்து காய்கள், அவற்றுக்கு முன்னால் ஒன்று. கீழ் விளிம்பில் 4-1 முதல் 8-1 வரை ஐந்து, 6-2இல் ஒன்று. மற்ற மூன்று பக்கமும் இதே அமைப்பு. முன்னால் நிற்கும் காய்கள் 2-6, 10-6, 6-10இல் வரும். மொத்தம் 24. அடுக்கி முடித்ததும் ஒருமுறை எண்ணிவிடுங்கள். ஒரு காய் குறைந்தாலும் கருப்பின் வலையில் ஓட்டை விழும்.

4. நகர்வும் வெட்டும்: ராஜா இல்லாமல் ஒத்திகை

முதல் ஆட்டத்துக்கு முன்னால், ஆளுக்கு ஆறு காய்களை மட்டும் கலைத்து வைத்து, ராஜா இல்லாமல் கொஞ்ச நேரம் வெட்டிப் பழகுங்கள். வெட்டும் முறை கைக்கு வராமல் மீதி விதிகளைப் படிப்பது வீண்.

எல்லாக் காய்களும், ராஜா உட்பட, செஸ்ஸில் யானை போவதுபோல நகரும்: நேர்கோட்டில், எத்தனை கட்டம் வேண்டுமானாலும், வழியில் காய் இல்லாதவரை. குறுக்காகப் போக முடியாது. தாண்டவும் முடியாது.

எதிரிக் காயின் இரண்டு எதிர்ப் பக்கங்களிலும் உங்கள் காய் நின்றால் அது வெட்டுப்படும். வெள்ளைக் காய் 4-3இல், கருப்பு 3-3இல் இருக்கிறது. இன்னொரு கருப்பு 5-8இலிருந்து 5-3க்கு இறங்குகிறது. வெள்ளைக் காயை எடுத்துவிடலாம். ஒரே நகர்வில் மூன்று பக்கம் மூன்று காய்கள்கூட இப்படி வெட்டுப்படலாம்.

ஆனால் வெட்டு என்பது எதிரி நகர்ந்து வந்து மூடும்போது மட்டும்தான். நீங்களாகவே இரண்டு எதிரிக் காய்களுக்கு நடுவில் போய் நின்றால் ஒன்றும் ஆகாது. இந்த ஒரு விதியைத்தான் புதியவர்கள் அதிகம் மறக்கிறார்கள். அங்கே போனால் வெட்டுப்படுவோம் என்று பயந்து, ஆட்டத்தையே மாற்றக்கூடிய நல்ல தடுப்பு நகர்வுகளை விட்டுவிடுகிறார்கள்.

காலியாக இருக்கும் மூலை எல்லோருக்கும் எதிரிக் காய்போலச் செயல்படும். 1-2இல் நிற்கும் கருப்பை, 1-3க்கு வரும் ஒரே ஒரு வெள்ளைக் காய் வெட்டிவிடும். மறுபக்கத்தை 1-1 மூலை பார்த்துக்கொள்கிறது. அரியணையும் இப்படித்தான், ஒரு வித்தியாசத்தோடு: கருப்புக்கு அது எப்போதும் எதிரி, வெள்ளைக்கு ராஜா அங்கே இல்லாதபோது மட்டும் எதிரி. அரியணை காலியாக இருந்தால் மற்ற காய்கள் அதன் வழியாகக் கடந்துபோகலாம், நிற்கத்தான் கூடாது.

5. ராஜா சேரும்போது

ராஜாவும் வெட்டுவார். காவலரோடு சேர்ந்து கருப்புக் காயை இரு பக்கமும் நெருக்கினால் அது போய்விடும். ஓடுவதற்கு மட்டுமே ராஜா என்று நினைத்து ஆடினால் ஒரு நல்ல காயை வீணடிக்கிறீர்கள்.

ராஜாவைப் பிடிக்க இரண்டு காய் போதாது. நான்கு பக்கமும் கருப்பு நிற்க வேண்டும். அவர் அரியணைக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் மற்ற மூன்று பக்கம் போதும், நான்காவது பக்கம் காலி அரியணை. விளிம்பில் நிற்கும் ராஜாவை இந்த வழியில் பிடிக்க முடியாது, நான்காவது பக்கமே அங்கே இல்லை. அதனால் ராஜாவை விளிம்புக்குத் தள்ளுவது கருப்புக்குப் பெரும்பாலும் தற்கொலை. நடுப் பலகையில் வைத்து நெருக்க வேண்டும்.

எந்தத் தரப்புக்காவது நகர வழியே இல்லாமல் போனால் அந்தத் தரப்பு தோற்றது. கருப்புதான் முதலில் தொடங்கும்.

முதல் ஓரிரு ஆட்டங்களை இந்த விதிகளோடு மட்டும் ஆடுங்கள். பகுதி 8இல் வரும் மூன்று கூடுதல் விதிகளை அதுவரை தொட வேண்டாம். அவை எதற்காக இருக்கின்றன என்பது, அவை இல்லாமல் ஒருமுறை ஆடித் திணறினால்தான் புரியும்.

6. கருப்பு: முதலில் மூலை, அப்புறம்தான் ராஜா

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ராஜா மூலைக்குள் நுழைய வேண்டுமென்றால் விளிம்பு வழியாகத்தான் வர முடியும். மூலையை அடைக்கச் சட்டென்று தோன்றும் வழி, அதை ஒட்டிய 1-2, 2-1 இரண்டிலும் காய் வைப்பது. செய்யாதீர்கள். மூலையே எதிரியாக இருப்பதால் அந்த இரண்டு காய்களும் ஒற்றை வெள்ளைக் காய்க்கு இரையாகும்.

சரியான பூட்டு மூன்று காய்கள்: 1-3, 2-2, 3-1. மூலைவிட்டமாக நிற்கும் இந்த வரிசையை நேர்கோட்டில் போகும் எந்தக் காயும் ஊடுருவ முடியாது. இதை வெட்டவும் முடியாது. 2-2ஐ வெட்ட வேண்டுமென்றால் வெள்ளைக்கு 1-2 அல்லது 2-1இல் ஒரு காய் வேண்டும். அந்தக் கட்டங்கள் பூட்டுக்கு உள்ளே இருக்கின்றன. 1-3க்கு ஒரு பக்கம் பலகையே முடிந்துவிடுகிறது, மேலே 1-4இல் வெள்ளை வந்தாலும் கீழே 1-2க்குப் போக வழியில்லை. 3-1க்கும் அதே கதைதான்.

இனி இந்தப் பூட்டைப் போடும் வரிசை. ஆரம்ப அடுக்கிலிருந்து பார்த்தால், முன்னால் நிற்கும் நான்கு காய்களும் ஒரே நகர்வில் தங்கள் இடத்துக்குப் போய்விடும்: 2-6 நேராக 2-2க்கு, 6-2 நேராக 10-2க்கு, 10-6 நேராக 10-10க்கு, 6-10 நேராக 2-10க்கு. விளிம்பில் ஐந்தாக நிற்கும் காய்களின் இரு முனைகளும் ஒரு கட்டம் வெளியே நகர்ந்தால் மீதி முடிந்தது: 1-4 இறங்கி 1-3க்கு, 4-1 நகர்ந்து 3-1க்கு, இப்படியே மற்ற மூலைகளுக்கும். மொத்தம் 12 நகர்வுகளில் நான்கு மூலைகளும் பூட்டு. கையில் இன்னும் 12 காய்கள்.

முன்காய்கள் நான்கையும் முதலில் அனுப்புங்கள். அவற்றின் பாதை நீளமானது. வெள்ளை குறுக்கே ஒரு காயை வைத்துவிட்டால் சுற்றிப் போக வேண்டிவரும். விளிம்பு முனைகளுக்கு ஒரே கட்டம்தான், அவசரமானால் அப்போதே போகலாம்.

வெள்ளை சும்மா இருக்காது. 4-6 காவலர் 4-3க்கு இறங்கி, அடுத்த நகர்வில் 1-3க்கு ஓடி, உங்கள் பூட்டின் ஒரு பல்லைப் பிடுங்கப் பார்ப்பார். பதறாதீர்கள். 1-4இல் உங்கள் காய் இன்னும் நிற்கிறதல்லவா? 2-2இலிருந்து 1-2க்கு நகர்ந்தால் அந்தக் காவலர் இரண்டுக்கும் நடுவில் மாட்டி வெட்டுப்படுவார். ஆனால் இப்போது 1-2இல் நிற்கும் உங்கள் காய் மூலையை ஒட்டி ஆபத்தில் இருக்கிறது. 3ஆவது வரிசையில் இன்னொரு வெள்ளைக் காய் 1-3க்கு வரத் தயாராக இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்பே பாருங்கள். இல்லையென்றால் வெட்டிவிட்டு, அடுத்த நகர்வில் 1-4ஐ 1-3க்கு இறக்கி மூடிவிடுங்கள்.

எல்லா மூலையையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் மற்றது என்று பிடிவாதம் வேண்டாம். வெள்ளை எந்தப் பக்கம் வழி திறக்கிறதோ அந்தப் பக்கத்து மூலைக்கு முதல் உரிமை. ராஜா இன்னும் அசையாமல் இருந்தால் நிதானமாகப் பூட்டலாம்.

பூட்டு முடிந்ததும் வலை. மீதிக் காய்களைத் தனித்தனியாக உள்ளே அனுப்பாமல், ஒன்றுக்கொன்று குறுக்காகத் தொட்டபடி நகர்த்துங்கள். இரண்டு கருப்புக் காய்கள் மூலைவிட்டமாக நின்றால் அவற்றின் இடுக்கு வழியாக யாரும் போக முடியாது. ஆகவே நேராக அடுக்குவதைவிடக் குறுக்காக அடுக்கினால் குறைந்த காயில் நீண்ட வேலி கிடைக்கும். இந்தக் கட்டத்தில் வெள்ளைக் காய்களை வெட்ட வாய்ப்பு வரும்; வேலியில் ஓட்டை விழாது என்றால் மட்டும் வெட்டுங்கள்.

7. வெள்ளை: வழியைத் திற, காயை எண்ணாதே

தொடக்கத்தில் ராஜாவின் நான்கு பக்கமும் சொந்தக் காவலர்கள்தான் நிற்கிறார்கள். அதனால் முதல் வேலை, ஒரு பக்கத்துக் காவலர்களை விலக்கி ராஜாவுக்கு ஒரு நீண்ட கோடு திறப்பது. ஒரே பக்கம் எல்லாவற்றையும் இழுக்காதீர்கள். கருப்பு அந்தப் பக்கத்து இரண்டு மூலைகளை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும். இரண்டு எதிர்த் திசைகளில் காவலர்களை அனுப்பினால் கருப்பின் நகர்வுகள் சிதறும்.

வெளியே போகும் காவலர்களின் வேலை, கருப்பின் பூட்டு முழுமையாகும் முன் அதன் ஒரு கட்டத்தில் நின்றுகொள்வது அல்லது அதற்கு உள்ளே நுழைந்துவிடுவது. பூட்டுக்கு உள்ளே 1-2இல் ஒரு வெள்ளைக் காய் உட்கார்ந்துவிட்டால் அந்த மூலை கருப்புக்குத் தீராத தலைவலி.

ராஜா ஒரு விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து மூலைவரை வழி காலியாக இருந்தால் அடுத்த நகர்வில் வெற்றி. ஆனால் ஒரு திசை மட்டும் திறந்திருந்தால் கருப்பு குறுக்கே ஒரு காயை வைத்துத் தடுத்துவிடும். இரு திசையும் திறந்திருந்தால் தடுக்க ஒரு நகர்வு போதாது. ஆகவே விளிம்பின் நடுவில் நிற்கும் கருப்புக் காய்கள் கலையும்வரை ராஜாவை விளிம்புக்கு அவசரப்பட்டு அனுப்பாதீர்கள்.

வெட்டு கிடைத்தால் எடுக்கலாமா? வெள்ளைக்குப் பொதுவாக லாபம்தான், வேலி கட்டக் காய் குறையும். ஆனால் பூட்டு விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் நடுவில் ஒரு காயை வெட்ட ஒரு நகர்வைச் செலவழித்தால், அந்த நகர்வில் ஒரு மூலை போய்விடும். நான் பார்த்த வெள்ளைத் தோல்விகளில் பல, வெட்டிய காய்களின் எண்ணிக்கையில் வெள்ளை முன்னிலையில் இருந்தபோது வந்தவை.

8. மூன்று கூடுதல் விதிகள்

கேடய மதில். விளிம்பை ஒட்டி வரிசையாக இரண்டோ அதற்கு மேலோ காய்கள் நின்றால் சாதாரண வெட்டு அவற்றிடம் பலிக்காது. அதற்காகத்தான் இந்த விதி. வெள்ளைக் காவலர்கள் 5-1, 6-1இல். கருப்பு 5-2, 6-2, 4-1இல். இப்போது கருப்பு 7-1க்கு வந்து வரிசையின் மறுமுனையை மூடினால் இரண்டு காவலர்களும் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள். வரிசையின் ஒவ்வொரு காய்க்கு முன்னாலும் எதிரி இருக்க வேண்டும், கடைசி நகர்வு முனையை மூடுவதாக இருக்க வேண்டும். ஒரு முனைக்கு மூலைக் கட்டமும் போதும். வரிசையில் ராஜாவும் இருந்தால் மற்றவர்கள் போவார்கள், அவர் மிஞ்சுவார். இந்த வெட்டு இரு தரப்புக்கும் உண்டு.

முழு வளையம். ராஜாவையும் மிச்சமிருக்கும் எல்லாக் காவலர்களையும் கருப்பு ஓட்டையில்லாமல் சூழ்ந்துவிட்டால் அங்கேயே கருப்புக்கு வெற்றி. ஒரே ஒரு காவலர் வளையத்துக்கு வெளியே இருந்தாலும் இது செல்லாது. எனவே தோற்கும் நிலையிலுள்ள வெள்ளை ஒரு காவலரையாவது வெளியே வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

விளிம்புக் கோட்டை. ராஜா விளிம்பில் இருக்கிறார், அவருக்கு நகர இடம் இருக்கிறது, சுற்றியுள்ள காவலர்களைக் கருப்பால் உடைக்கவே முடியாது என்றால் வெள்ளைக்கு வெற்றி. மிகச் சிறிய உதாரணம்: காவலர்கள் 5-1, 6-2, 7-2, 8-1இல், ராஜா 6-1இல், 7-1 காலி. ஒவ்வொரு காவலரையும் வெட்டிப் பார்க்க முயலுங்கள். மறுபக்கக் கட்டம் எப்போதும் கோட்டைக்கு உள்ளேயோ இன்னொரு காவலரிடமோ இருக்கும். நான்கு மூலைகளும் பூட்டப்பட்ட பிறகு வெள்ளையின் கடைசி நம்பிக்கை இதுதான். கருப்பு விளிம்பை மொத்தமாகக் காலி செய்யக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

9. அடிக்கடி வரும் தகராறுகள்

ஒரே நிலை திரும்பத் திரும்ப வருவது. ராஜா இங்கும் அங்கும் ஆட, கருப்பும் அதேபோல ஆட, ஆட்டம் முடியாமல் போகும். மூன்றாவது தடவை அதே நிலை வந்தால் யார் மாற்றி ஆட வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். நான் பழக்குகிறவர்களிடம் வெள்ளைதான் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வேன். சும்மா இருந்து தப்பிப்பது ராஜாவின் வேலையல்ல.

ராஜா மூலைக்கு வழி திறந்ததும் எதிரியிடம் சொல்ல வேண்டுமா? விதியில் அப்படி இல்லை. புதியவரோடு ஆடும்போது சொல்லுங்கள், இல்லாவிட்டால் கவனக்குறைவால் முடிந்த ஆட்டத்திலிருந்து அவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்.

கோட்டை உடையுமா உடையாதா என்ற வாக்குவாதம் வந்தால், கருப்பு விரும்பும் கட்டங்களிலெல்லாம் காய்களை வைத்துக்கொள்ளட்டும். அப்படியும் ஒரு காவலரைக்கூட வெட்ட வழி காட்ட முடியாவிட்டால் அது கோட்டைதான்.

10. பக்கம் மாற்றி ஆடுதல்

ஒரு ஆட்டத்தோடு நிறுத்தினால் யார் சிறந்தவர் என்று தெரியாது, இரு தரப்புக்கும் வேலையே வேறு. எப்போதும் இரண்டு ஆட்டமாக, நிறம் மாற்றி ஆடுங்கள். ஆளுக்கு ஒன்று வென்றால், குறைந்த நகர்வில் வென்றவர் முன்னிலை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காகத் தாளில் நகர்வு எண்ணிக்கையை மட்டும் கோடிட்டு வந்தால் போதும்.

புதியவர் முதலில் வெள்ளையாக ஆடட்டும். மூலைகள் ஒவ்வொன்றாக மூடுவதை உள்ளிருந்து பார்த்தவர், அடுத்த ஆட்டத்தில் கருப்பாக உட்காரும்போது பூட்டின் அருமை புரிந்து ஆடுவார். நேரம் குறைவாக இருந்தால் 7-க்கு 7 பலகையில் இதே வகையைச் சேர்ந்த பிராண்டுப் (Brandubh) என்ற சிறிய ஆட்டத்தை ஆடலாம்: ராஜா நடுவில், நான்கு பக்கமும் ஒவ்வொரு காவலர், அதற்கு வெளியே விளிம்புவரை இரண்டிரண்டு கருப்பு. மூலை நெருக்கமாக இருப்பதால் கருப்பு தாமதித்தால் சில நகர்வுகளிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.